முதல் கையைக் கவிழ்க்காதவன்

அத்தியாயம் 9

"செத்தவன் சீட்டாடுவானா கிளாடிஸ்?" என்று மறுபடியும் கேட்டார் ஜீவமணி ஸார்.

"ஆட மாட்டான் ஸார். ஆடுனாலும் இவ்வளவு பயந்து பயந்து ஆட மாட்டான். அவனுக்கு இனிமே என்ன பயம்?" என்றேன்.

எனக்குக் கண் எரிந்தது. தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில், ஒரு ஷிப்பிங் ஏஜென்சியின் மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் நிலையம். ஜன்னலைத் திறந்தால் நிலக்கரி லாரித் தூசி, மூடினால் புழுக்கம். ஸார் நாசரேத்துக்காரர். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்துப் பிடித்துக் கடைசியில் மேனேஜர் மேலேயே சந்தேகம் வந்து வேலையை விட்டவர். நான் பி.எஸ்ஸி. புள்ளியியல். அந்தப் படிப்புக்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே வேலை இதுதான், வாயைக் குறைத்துக்கொள் என்று அம்மா சொல்லுவாள். வேலை இருக்கிறது, வாயும் இருக்கிறது.

வழக்கு இதுதான். உடன்குடியில் கருப்பட்டி மண்டி வைத்திருக்கும் மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் ஒரே மகன் ஜெயகணேஷ். வயது இருபத்தாறு. ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலை பைக்கை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை. பைக் மட்டும் மணப்பாட்டில், கோயில் மேட்டுக்குக் கீழே கடற்கரையில் நின்றது. போலீஸ் கொஞ்சநாள் கடலைப் பார்த்துவிட்டு, கடலில் விழுந்திருப்பான் என்று முடித்துவிட்டது. சொந்தக்காரர்கள் காரியத்துக்கு நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா எதற்கும் வாய் திறக்கவில்லை.

அம்மா சண்முகவடிவு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பஸ் ஏறி எங்கள் மாடிக்கு வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, போனை நீட்டினார். ஜெயகணேஷ் போக்கர் ஆடுகிறவன். ஒருநாள் விளையாட்டாக அம்மா போனிலும் அந்த ஆப்பைப் போட்டுத் தன்னை நண்பனாகச் சேர்த்துவிட்டிருந்தான்.

"எம்புள்ள பேருக்குப் பக்கத்துல தெனமும் காலைல பச்ச லைட்டு எரியுது ஸார். உசுரில்லாதவன் பேர்ல லைட்டு எரியுமா? அவன் எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. அதுவரைக்கும் எவனும் எங்க வீட்டுல காரியத்தப் பத்திப் பேசப்பிடாது."

கேட்பதற்கு லேசாக இருந்தது. அந்த நினைப்பில்தான் வழக்கை எடுத்துத் தொலைத்தோம். ஆப் கம்பெனிக்கு எழுதினால், உங்கள் கடிதம் எங்களுக்கு முக்கியமானது என்று ஒரே பதில்தான் வந்தது, முக்கியமான எதையும் சொல்லவில்லை. போலீஸிடம் போனால், செத்தவனைத் தேட உங்களுக்கு யார் பீஸ் கொடுக்கிறார்கள் என்று சிரித்தார்கள். இதில் ஸாரை ரொம்பக் கடுப்பேற்றியது வேறொன்று. காசு வைத்து ஆடுவதைச் சட்டம் நிறுத்திய பிறகு அந்த ஆப்பில் ஓடுவது வெறும் ஓசிச் சில்லு ஆட்டம். ஜெயித்தாலும் ஒன்றுமில்லை, தோற்றாலும் ஒன்றுமில்லை. பத்துப் பைசா பிரயோஜனம் இல்லாத அக்கவுண்டில் வேறு எவன் வந்து உட்காருவான்? அப்படியானால் அவனேதானா?

கடைசியாக என் படிப்புக்கு வேலை வந்தது. பையனின் லேப்டாப்பை அம்மா கொண்டுவந்து தந்திருந்தார். பாஸ்வேர்டு அதிலேயே சேமித்துக் கிடந்ததால், அந்தப் பேரில் ஆடிய எல்லா ஆட்டமும் இறங்கிவிட்டது. இணையத்தில் போக்கர் ஆடுகிறவர்களுக்கு எதிராளியின் முகம் தெரியாது. அவனுடைய கணக்குத்தான் முகம். நூறு கை, அதாவது நூறு தடவை சீட்டுப் போட்டால், எத்தனை தடவை ஆட்டத்துக்குள் வருகிறான், எத்தனை தடவை பந்தயத்தை ஏற்றுகிறான், அடுத்தவன் ஏற்றினால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்குகிறானா, மல்லுக்கு நிற்கிறானா என்று சேர்த்துப் பார்த்தால் ஆள் யாரென்று பிடிபட்டுவிடும்.

"இங்க பாருங்க ஸார். காணாமப் போறதுக்கு முந்தி, நூத்துக்கு அம்பது கைக்கு உள்ள வாரான். எவன் ஏத்துனாலும் அதுக்கு மேல ஏத்துதான். துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு சண்டைக்கு நிக்கிற ஆளு. காணாமப் போனதுக்குப் பெறவு நூத்துக்குப் பதினஞ்சுதான். சரக்க மோந்து பாத்துட்டுக் கீழ வைக்கிற ஆளு. முந்தி ராத்திரி ஆடுவான், இப்ப காலைல மட்டும். ரெண்டும் ஒரே ஆளு கெடையாது."

"அப்போ?"

"பேருதான் ஜெயகணேஷ். ஆடுதது வேற எவனோ."

ஸார் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அந்தம்மா பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு பச்சை லைட்டைத்தான். இத்தனை நாள் மாரடித்து நாங்கள் கண்டுபிடித்தது அதை எப்படி அணைப்பது என்பதை. எனக்கு லேப்டாப்பைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியலாம் போலிருந்தது. லாரிக்காரனாவது ஏற்றிக்கொண்டு போவான்.

"எனக்கு ஒண்ணு இடிக்குது கிளாடிஸ். அந்த பைக்குல சைடு லாக் போட்டிருந்துச்சு. சாவியக் காணோம். சாகப் போறவன் வண்டியப் பூட்டிச் சாவியப் பைல போட்டுக்கிட்டா போவான்?"

"பழக்கதோஷம் ஸார். எங்க சித்தப்பா, அடுப்படில தீப்பிடிச்சப்போ வெளிய ஓடிவந்து வீட்டப் பூட்டுனவரு."

அவர் சிரிக்கவில்லை. "பழக்கதோஷம்," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "நீ நூத்துக்கு இத்தனைங்கிறது மொத்தக் கணக்கு. மொத்தமா அள்ளிப்போட்டா பழக்கம் எல்லாம் அதுல முங்கிப் போவும்லா? இப்ப ஆடுதவன் வந்து உக்காந்த உடனே மொதல்ல என்ன செய்யுதான்? அத மட்டும் தனியாப் பிரிச்சுப் பாரு."

"அதுல என்ன ஸார் தெரியப்போவுது?"

"தெரியாமத்தான பாக்கச் சொல்லுதேன்."

முனகிக்கொண்டே பிரித்தேன். பிரித்ததும் முனகல் நின்றது. நூற்றுக்கு எண்பத்தைந்து கையைத் தொடாமலே கவிழ்க்கிற இந்த ஆள், தினமும் உட்கார்ந்ததும் வருகிற முதல் கையை ஒருநாள்கூடக் கவிழ்த்ததில்லை. இரண்டும் ஏழும் வந்திருக்கிறது. போக்கரில் அதைவிடக் குப்பை கிடையாது. அதற்கும் உள்ளே போயிருக்கிறான். இரண்டாவது கையிலிருந்து பழையபடி பயந்தாங்கொள்ளி. ஜெயகணேஷுக்கு அந்தப் பழக்கமே இல்லை.

"இது எந்தக் கணக்குலயும் வராது ஸார். சுத்தப் பைத்தியக்காரத்தனம்."

"நாளைக்குக் காலைல உடன்குடி போறோம்."

"பைத்தியத்துக்கு உடன்குடியிலயா வைத்தியம்?"

"அந்தம்மாகிட்ட போன்ல சொல்லுற விஷயமா இது?" என்று எரிந்து விழுந்தார். 

ஸாரின் ஆம்னி வேன் ஆறுமுகநேரியில் ஒருதடவை கொதித்தது, திருச்செந்தூர் தாண்டி இன்னொரு தடவை. வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தோம். ஒன்றும் வாய்க்குள் நுழையவில்லை. செம்மண்ணும் பனையுமாக உடன்குடி வந்தபோது மந்திரமூர்த்தி அண்ணாச்சி அப்போதுதான் மண்டிக் கதவைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். மண்டிக்குப் பின்னால்தான் வீடு. பக்கவாட்டில், மணப்பாட்டிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டுவந்த ஜெயகணேஷின் பைக் நின்றது. சைடு லாக் இன்னும் கழலவில்லை, ஹேண்டில் ஒருபக்கமாகத் திரும்பியே இருந்தது. ஆனால் பெட்ரோல் டாங்கில் ஒரு தூசி கிடையாது.

எங்களைப் பார்த்து அண்ணாச்சி சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. "இவ்வளவு காலைலயா? உக்காருங்க," என்று மூட்டையைக் காட்டினார்.

உட்காருவதற்குள் ஒரு அம்மா வந்தாள். ஒரு கருப்பட்டியை எடுத்துத் தட்டினாள், மோந்தாள், நகத்தால் கீறினாள். "போன தடவ வாங்குனதுல ஒரே மண்ணு. பாதி வெலைக்குத் தாரும்," என்றாள்.

"பாதி வெலைக்கு நான் வாங்கவே முடியாது தாயி."

"அப்போ வேண்டாம்," என்று திரும்பிவிட்டாள்.

அண்ணாச்சி படியிறங்கி ஓடினார். "நில்லு, நில்லு. எடுத்துட்டுப் போ. கேட்ட வெலையக் குடு." காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிப் பெட்டியில் போட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நட்டத்துக்குல்லா குடுத்திய அண்ணாச்சி?"

"முதல் போணிம்மா. மொதல்ல வாரவளத் திருப்பி அனுப்புனா அன்னைக்கு யாவாரம் படுத்துரும். சரக்கு எப்படி இருந்தாலும், வெல என்ன கேட்டாலும் முதல் ஆள விடப்பிடாது. அதுக்குப் பெறவு வாரவன்கிட்ட கறாரா இருந்துக்கிடலாம்."

ஸார் என்னைப் பார்த்தார். நான் ஸாரைப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, உங்க போனக் குடுங்க," என்றார் ஸார்.

"எதுக்கு?"

"ரெண்டும் ஏழும் வந்தாக்கூட முதல் கையக் கவிழ்க்காத ஒரு ஆளத் தேடிக்கிட்டிருக்கோம்."

அண்ணாச்சி வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். மறுக்கவில்லை, அதுவே எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"சத்தம் போடாதிய. அவ அடுக்களைல இருக்கா," என்றார். "அவன் போன பெறவு ஒரு வாய் சாப்பிடமாட்டேன்னுட்டா. போனையே பாத்துக்கிட்டுக் கெடந்தா, லைட்டு எரியுமா எரியுமான்னு. அவன் லேப்டாப்பு சும்மாதான கெடந்துச்சு. அதுலருந்து பாஸ்வேர்டப் பாத்து எம் போன்ல போட்டுத் தொறந்தேன். அன்னைக்குத்தான் ரெண்டு இட்டிலி தின்னா. பெறவு எப்படி நிறுத்த?"

"தொறந்து வச்சா போதாதா? ஆடவும் செய்யணுமா?"

"ஆடலேன்னா வெளிய தள்ளிருதும்மா. யூட்யூபப் பாத்துக் கத்துக்கிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நாங்கள் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அழுதது, ஸார் போலீஸில் அசிங்கப்பட்டது, எல்லாம் இந்த மனுஷன் காலையில் கடையைத் திறந்துவிட்டுச் சீட்டாடியதற்காக. அந்தம்மா நம்பிக்கொண்டிருப்பது மகனை அல்ல, அடுத்த அறையில் இருக்கும் புருஷனை.

"அவன் ஏன் போனான்னாவது சொல்லுவியளா? இல்ல, அதையும் நாங்கதான் துப்பறியணுமா?" என்று கேட்டேன்.

அண்ணாச்சி தரையைப் பார்த்தபடி சொன்னார். "ராவெல்லாம் ஆடிட்டு, விடியக்காலம் செவந்த கண்ணோட கடை வாசல்ல வந்து நின்னான். நான் அப்பந்தான் தொறக்கேன். காலங்காத்தால ஒம் மூஞ்சில முழிச்சா எனக்கு எங்கலே போணியாவும்னு கேட்டுட்டேன். அப்படியே பைக்க எடுத்துட்டுப் போயிட்டான்."



"அவகிட்ட மட்டும் சொல்லிராதிய," என்றார் அண்ணாச்சி.

"சொல்லத்தான் அண்ணாச்சி அவங்க எங்களக் கூப்பிட்டாங்க," என்றார் ஸார். குரல் கடுமையாக இருந்தது. ஆனால் முகத்தில் கடுமை இல்லை.

உள்ளேயிருந்து சண்முகவடிவின் குரல் கேட்டது. "தூத்துக்குடி ஸாரா? இருக்கச் சொல்லுங்க, காப்பி போட்டு எடுத்துட்டு வாரேன்."

காப்பி வருவதற்குள் ஒரு தாயிடம் அந்தப் பச்சை லைட் உன் மகன் இல்லை என்று சொல்ல வார்த்தை தேட வேண்டும். ஸார் என் மடியிலிருந்த லேப்டாப்பையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"கிளாடிஸ், அந்த முதல் கையில எல்லாம் இவரு ஜெயிச்சாரா, தோத்தாரா?"

"ரெண்டும் ஏழும் வச்சுக்கிட்டு எங்க ஸார் ஜெயிக்க?" என்று சொல்லிக்கொண்டே பார்த்தேன். கீழே இறக்கினேன். இன்னும் இறக்கினேன். "ஜெயிச்சிருக்காரு."

"எத்தனை?"

"எல்லாம்."

"முதல் கை எப்பவும் எனக்குத்தான் நிக்கும்," என்றார் அண்ணாச்சி. "நல்ல போணி ராசின்னு நெனச்சுக்கிட்டேன்."

"குப்பைச் சீட்டுக்கு ராசி கெடையாது அண்ணாச்சி," என்றார் ஸார். "கவிழ்க்காம இருக்கது உங்க பழக்கம், சரி. ஜெயிக்கிறது பழக்கத்துல வராது. எவனோ வந்து தோத்துக் குடுக்கான். யாருன்னு பாரு கிளாடிஸ்."

பார்த்தேன். எல்லாக் காலையிலும் ஒரே பேர், கெஸ்ட் 44. பேர் வைக்காமல் நுழைகிறவர்களுக்கு ஆப் கொடுக்கிற பேர் அது. அண்ணாச்சி எந்த மேசையில் உட்கார்ந்தாலும் பின்னாலேயே வந்து உட்காருகிறான். முதல் கையில் பந்தயத்தைத் தாறுமாறாக ஏற்றுகிறான், மற்றவர்கள் எல்லாரும் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். அண்ணாச்சி மட்டும் பழக்கத்தால் உள்ளே வருகிறார். உடனே இவன் சீட்டைக் கவிழ்த்துவிட்டுப் போகிறான்.

இத்தனை நாளும் நான் எங்கள் ஆளின் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்தவர்களின் கணக்கும் அதே பைலில்தான் கிடந்தது. கெஸ்ட் 44 மற்றவர்களோடு ஆடியதைத் தனியாகக் கூட்டினேன். நூற்றுக்கு ஐம்பது கைக்கு உள்ளே வருகிறான். எவன் ஏற்றினாலும் மேலே ஏற்றுகிறான். யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, இந்த ஒருவரின் முதல் கையைத் தவிர.

ஜெயகணேஷின் பழைய கணக்கைப் பக்கத்தில் வைத்து ஸாரிடம் காட்டினேன். எனக்கு வாயில் ஒரு நக்கலும் வரவில்லை.

"அண்ணாச்சி," என்றார் ஸார். "அவன் பேருல ஆடுதது யாருன்னு அவனுக்குத் தெரியும். முதல் கைய விடாத ஆளு அவனுக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான். தெனமும் காலைல வந்து உங்களுக்கு முதல் போணி பண்ணிட்டுப் போறான்."

அண்ணாச்சிக்கு அது உள்ளே இறங்க நேரம் பிடித்தது. இறங்கியதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"அவசரப்படாதிய," என்று நான்தான் சொன்னேன். "இந்த நாட்டுல நூத்துக்கு அம்பது ஆடுதவன் ஆயிரம் பேரு இருப்பான். கணக்கு ஒத்துப்போவுது, அவ்வளவுதான். பேருச் சொல்லிக் கேட்டா, பயந்து ஓடிட்டா என்ன செய்வோம்? அவனாச் சொல்லணும்."

ஸார் யோசித்தார். "இன்னைக்கு ஆப்பத் தொறந்தாச்சா?"

"இல்ல. கடைல போணி ஆனப்புறம்தான் தொறப்பேன்."

"தொறங்க."

திறந்தார். ஒரு மேசையில் உட்கார்ந்தார். இரண்டு பேர் ஏற்கெனவே இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் காலியாக இருந்த இடத்தில் கெஸ்ட் 44 வந்து உட்கார்ந்தது. சீட்டு விழுந்தது. அண்ணாச்சிக்கு இரண்டு ராஜா, அருமையான சீட்டு. கெஸ்ட் 44 வழக்கம்போல ஏற்றினான். மற்ற இரண்டு பேரும் ஒதுங்கினார்கள்.

"கவிழ்த்துருங்க," என்றார் ஸார்.

"முதல் கையவா?"

"ரெண்டு ராஜா வந்திருக்கு ஸார்," என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். ஸார் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணாச்சியின் பெருவிரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. ஓசிச் சில்லுதான். ஆனாலும் முதல் ஆளைத் திருப்பி அனுப்பி அந்த விரலுக்குப் பழக்கமில்லை. அந்த நேரம் பார்த்து சண்முகவடிவு காப்பித் தட்டோடு வந்தார். குனிந்து போனைப் பார்த்தார்.

"இது எம்புள்ள பேருல்லா? உங்க போன்ல எப்படி?"

அண்ணாச்சி மனைவியை நிமிர்ந்து பார்க்கவில்லை. பொத்தானை அமுக்கினார். இரண்டு ராஜாவும் கவிழ்ந்தன.

சில்லு எல்லாம் கெஸ்ட் 44 பக்கம் போய்ச் சேர்ந்தது. அடுத்த கை வந்தது. அவன் ஒன்றும் செய்யவில்லை. கடிகாரம் ஓடி முடிந்து அவன் சீட்டு தானாகக் கவிழ்ந்தது. அதற்கடுத்த கையும் அப்படியே போனது. எந்தச் சண்டையையும் விடாத ஆள், தன் முறை வந்தும் சும்மா இருந்தான்.

"என்னங்க நடக்கு இங்கன? யாராவது சொல்லுதியளா?" என்று சண்முகவடிவு அதட்டினார். தட்டில் டம்ளர்கள் ஆடின.

திரையின் மூலையில் அரட்டைப் பெட்டி திறந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். அண்ணாச்சிக்குக் கண் மறைத்ததால் நான் வாசித்தேன்.

"யப்பா, மேலுக்கு முடியலையா?"

சண்முகவடிவு தட்டைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் கையிலிருந்து போனை வாங்கி அந்த ஒரு வரியைத் தானே எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு புருஷனைப் பார்த்தார். எல்லாம் புரிந்ததா, பாதி புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. "உங்கள அப்புறம் வச்சுக்கிடுதேன்," என்று மட்டும் சொன்னார்.

"நீ எழுதும்மா," என்றார் அண்ணாச்சி என்னிடம். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "எனக்கு ஒண்ணுமில்லன்னு எழுது. நாளைக்குக் கடைய அவன் வந்து தொறக்கணும்னு எழுது. அவன் மூஞ்சில முழிச்சாத்தான் எனக்குப் போணின்னு எழுது."

போனை வாங்கி எழுதி அனுப்பினேன். ஸார் எழுந்து போய் ஆம்னியின் டயரைப் பார்ப்பதுபோல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒருத்தர் வந்து பெரிய ஓலைப்பெட்டிக் கருப்பட்டிக்கு விலை கேட்டார், பதில் சொல்ல ஆளில்லாமல் திரும்பிப் போனார். அண்ணாச்சி அவரைக் கவனிக்கவே இல்லை. பச்சை லைட் எரிந்துகொண்டே இருந்தது, பதில் வரவில்லை. கணக்குப் பார்க்கிற எனக்கே அந்த நேரம் எவ்வளவு என்று சொல்லத் தெரியாது.

பிறகு வந்தது. இதையும் நான்தான் வாசித்தேன்.

"பைக்கு எங்க நிக்கு? சாவி எங்கிட்டதான் இருக்கு."

டயருக்குப் பக்கத்திலிருந்து ஸார் திரும்பிப் பார்த்தார்.

சண்முகவடிவு போனை இரண்டு கையாலும் பிடித்து, அதற்குக் காது இருக்கிற மாதிரி வாய்க்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னார்.

"நம்ம வீட்டுலதாம்ல நிக்கு. தெனமும் தொடச்சு வச்சிருக்கேன்."